பெரிய ரிம் போட்டால் கார் வேகமாகுமா?

உங்கள் வீட்டுக் காரின் பதிவு எண்ணைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அதே காரின் டயர் அளவு என்ன என்று கேட்டால்? பெரும்பாலோர் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். போய்ப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்பது போல ஒரு வரி இருக்கும். எண்கள் காருக்குக் கார் மாறும். எழுதும் முறை மாறாது.

இந்த வரியைப் படிக்கத் தெரிவது ஏன் முக்கியம்? ஈப்போவில் எந்த டயர் கடைக்குப் போனாலும் சுவர் நிறைய 'ஸ்போர்ட் ரிம்' தொங்கும். வேலைக்குப் போகத் தொடங்கிய அண்ணன்மார் பலர் பழைய ஸ்போர்ட் செடான் ஒன்றை வாங்கியதும் செய்ய நினைக்கும் முதல் மாற்றம், 16 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 18 அங்குலத்தைப் பூட்டுவதுதான். ரிம் அழகா, விலை கட்டுமா என்ற இரண்டு கேள்விகளோடு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்த முடிவு வேகமானி காட்டும் எண்ணையும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரத்தையும், குடும்பத்தோடு போகும்போது டயர் தாங்கும் எடையையும் மாற்றிவிடுகிறது. அதைச் சரிபார்க்கப் பொறியியல் பட்டம் வேண்டாம். படிவம் 2-இல் படிக்கும் வட்டத்தின் சுற்றளவும், அழுத்தத்திற்கான சூத்திரமும் போதும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

205/55 ஆர்16 91வி என்ற அளவை எடுத்துக்கொள்வோம். நடுத்தர செடான் கார்களில் மிகப் பரவலாகக் காணப்படும் அளவு இது.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது மில்லிமீட்டர் அல்ல, விழுக்காடு. ரிம்மின் விளிம்பிலிருந்து சாலையைத் தொடும் பரப்பு வரை உள்ள பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 விழுக்காடு என்று பொருள். 'ஆர்' என்பது ரேடியல். டயருக்குள் இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் அமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று விதமான அளவுகள் கலந்திருப்பதால்தான் பலர் இதில் குழம்புகிறார்கள்.

இப்போது டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடுவோம்.

பக்கச்சுவர் உயரம் = 205 × 0.55 = 112.75 மி.மீ.
ரிம் விட்டம் = 16 × 25.4 = 406.4 மி.மீ.
முழு விட்டம் = 406.4 + (2 × 112.75) = 631.9 மி.மீ.

பக்கச்சுவரை ஏன் இரண்டால் பெருக்கினோம்? ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு முறை வருவதால்தான். இந்த 631.9 என்ற எண்ணை மறக்காதீர்கள். இனி வரும் எல்லாக் கணக்கிலும் இதனோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

ஒரே காருக்கு மூன்று அளவுகள்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஹோண்டா சிவிக்கின் எட்டாம் தலைமுறை. 2006 முதல் மலேசியச் சாலைகளில் ஓடும் கார் இது. கார் ஆர்வலர்கள் இதை 'எஃப்.டி.' என்பார்கள். அதே உடலமைப்பில், 2007-இல், 'டைப் ஆர்' என்ற நான்கு கதவு ஸ்போர்ட் செடானும் வந்தது. சாதாரண சிவிக் வைத்திருப்பவர்களில் பலர் அந்த டைப் ஆரைப் பார்த்துத்தான் தங்கள் காருக்கும் 18 அங்குல ரிம் தேடுகிறார்கள்.

இந்தத் தலைமுறை சிவிக் செடானுக்கு வெவ்வேறு வகைகளிலும் சந்தைகளிலும் தயாரிப்பாளரே கொடுத்த மூன்று அளவுகளைப் பாருங்கள். முழு விட்டத்தை மேலே சொன்ன முறையிலேயே கணக்கிட்டிருக்கிறேன்.

எளிய வகை: 195/65 ஆர்15. விட்டம் 634.5 மி.மீ.
நடுத்தர வகை: 205/55 ஆர்16. விட்டம் 631.9 மி.மீ.
டைப் ஆர்: 225/40 ஆர்18. விட்டம் 637.2 மி.மீ.

ரிம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்திற்குப் போயிருக்கிறது. அதாவது 76 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் முழுச் சக்கரத்தின் விட்டமோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடையே 5.3 மில்லிமீட்டர், அதாவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ரிம் பெரிதாகும்போது அகலம் கூடியது. அந்த அகலத்தில் பக்கச்சுவரின் விழுக்காடு 65, 55, 40 என்று இறங்கியது. ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்கும் தராசு போலப் பொறியியலாளர்கள் மூன்று எண்களையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்கள்.

மாற்று டயர் தேர்வில் முதல் விதி இதுதான். ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எண்களும் மாற வேண்டும்; முழு விட்டம் மட்டும் மாறக்கூடாது. புதிய விட்டம் பழையதிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்பது டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அது 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

விட்டம் மாறினால் என்ன ஆகும்?

ஒருவர் 205/55 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு, கடைசி எண்ணை மட்டும் மாற்றி 205/55 ஆர்18 பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய விட்டம் 457.2 + 225.5 = 682.7 மி.மீ. இது பழையதைவிட 8 விழுக்காடு கூடுதல்.

கார் தன் வேகத்தைச் சாலையைப் பார்த்து அறிவதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணித்தான் வேகமானி முள் நகர்கிறது. பழைய டயரின் சுற்றளவு 3.142 × 631.9, ஏறத்தாழ 1,985 மி.மீ. புதிய டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,145 மி.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு 16 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வேகமானிக்கோ அது தெரியாது. முன்பு 110-இல் ஓடியபோது காட்டிய அதே 110-ஐ இப்போது கார் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காட்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வரம்பு 110. ஓட்டுநர் வரம்புக்குள் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார்; வேகக் கேமரா அப்படி நினைக்காது.

வேகமானிகளுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் விதி எண் 39, காட்டப்படும் வேகம் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடாது என்கிறது. அதனால் தயாரிப்பாளர்கள் முள் சற்று அதிகமாகவே காட்டும்படி அமைக்கிறார்கள். அந்தச் சிறு பாதுகாப்பு இடைவெளியைப் பெரிய டயர் விழுங்கிவிடுகிறது.

அடுத்தது விசை. இயந்திரம் சக்கரத்தின் மையத்தில் ஒரு திருப்புவிசையைத் தருகிறது. சாலையில் காரைத் தள்ளும் விசை, அந்தத் திருப்புவிசையைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆரம் 8 விழுக்காடு கூடினால் தள்ளும் விசை ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். நீளமான கைப்பிடியின் முனையில் பொருளைத் தொங்கவிட்டுத் தூக்கினால் கை வலிப்பது போலத்தான் இதுவும். பிரேக்குக்கும் இதே கணக்கு. ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெரிய சக்கரத்தால் கார் வேகமாகக் கிளம்புவதில்லை, மெதுவாகத்தான் கிளம்புகிறது.

விட்டத்தைச் சரியாக வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் பெரிதாக்கினால்கூட இன்னொரு விலை உண்டு. பெரிய ரிம்கள் பொதுவாக எடை கூடியவை. அந்த எடை மையத்திலிருந்து தள்ளி விளிம்பில் இருக்கிறது. சுழலும் பொருளில் எடை எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் கடினம். எடை குறைந்த ரிம்கள் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அகலமான டயர், அதிகப் பிடிப்பா?

'அகலமான டயர் சாலையை அதிகமாகத் தொடும். அதனால் பிடிப்பு கூடும்' என்று பலர் சொல்வார்கள். இதை நாமே சோதிக்கலாம்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது. அப்படியானால் பரப்பளவு, விசையை அழுத்தத்தால் வகுப்பது. ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோகிராம் எடையுள்ள காரில், நான்கு சக்கரமும் சமமாகச் சுமந்தால் ஒவ்வொன்றின் மேலும் 325 கிலோகிராம். விசை ஏறத்தாழ 3,185 நியூட்டன். எண்ணெய் நிலையத்தில் காற்றடிக்கும் கருவியில் 220 கிலோபாஸ்கல் என்று வைக்கிறோம். 3,185-ஐ 220,000-ஆல் வகுத்தால் 0.0145 சதுர மீட்டர், அதாவது 145 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் அளவு! முழுக் காரும் நான்கு அஞ்சலட்டைகளின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்காவது வந்ததா? இல்லை. உண்மையில் பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் விடை சற்று மாறும். ஆனாலும் பெரும்பகுதி எடையைச் சுமப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்றழுத்தமும் எடையும் மாறாதவரை, அகலமான டயரின் தொடுபரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதன் வடிவம் மாறுகிறது. ஒடுங்கிய டயரில் அஞ்சலட்டை நீளவாக்கில் கிடக்கிறது. அகலமான டயரில் குறுக்குவாக்கில் கிடக்கிறது.

பிறகு ஏன் டைப் ஆர் போன்ற கார்களுக்கு அகலமான டயர்? குட்டையான பக்கச்சுவர் வளைவுகளில் குறைவாக நெளியும். திருப்பியவுடன் கார் திரும்பும். அகலமான பரப்பில் வெப்பம் பரவுவதால், பிடிப்பு மிகுந்த மென்மையான ரப்பர் கலவையைப் பயன்படுத்த முடிகிறது. அதற்கு ஏற்றாற்போல் அந்தக் காரின் சுருள்வில், அதிர்வுத் தாங்கி, பிரேக் எல்லாமே வேறாக அமைக்கப்பட்டிருக்கின்றன. டயரை மட்டும் எடுத்துச் சாதாரண சிவிக்கில் பூட்டினால், அந்த முழு ஏற்பாட்டில் ஒரு துண்டுதான் கிடைக்கும்.

மழை பெய்தால்?

பேராக்கில் இதைப் பேசாமல் டயரைப் பற்றிப் பேச முடியாது. தைப்பிங், தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் நகரங்களில் ஒன்று. மாலை நேர இடிமழையில் சாலையில் நீர் தேங்கும்போது, டயர் ஒரு நீர் இறைக்கும் இயந்திரமாக மாற வேண்டும்.

சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்கிறது. கார் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது. 205 மி.மீ. அகலமுள்ள டயர் ஒரு வினாடியில் விலக்க வேண்டிய நீர் 0.205 × 25 × 0.003 கன மீட்டர். ஏறத்தாழ 15 லிட்டர். 225 மி.மீ. டயருக்கு ஏறத்தாழ 17 லிட்டர். ஒரே வினாடியில், ஒரே சக்கரத்துக்கு! நீரை விலக்க முடியாமல் போனால் டயர் சாலையை விட்டு எழும்பி நீரின் மேல் வழுக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அப்போது பயன்படாது.

1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைச் சோதித்து, இந்த வழுக்கல் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். நம் அலகுகளில், அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 6.35-ஆல் பெருக்க வேண்டும். 220 கிலோபாஸ்கலுக்கு மணிக்கு 94 கிலோமீட்டர் வருகிறது. காற்று இறங்கி 160 ஆகிவிட்டால் 80 கிலோமீட்டர்தான். இது தேய்ந்து வழவழப்பான டயருக்கும் ஆழமான நீருக்கும் உரிய கணக்கு. நல்ல டயரில், பட்டறைகளில் 'பூ' என்று சொல்லும் பள்ளங்கள் நீர் வெளியேற வழி தருவதால் வரம்பு உயரும். இப்போது ஒன்றை யோசியுங்கள். அளவு பிரமாதமாகப் பொருந்தும், ஆனால் பூ தேய்ந்துபோன 18 அங்குலப் பழைய டயரைவிட, பூ நன்றாக உள்ள 16 அங்குல டயர் மழையில் எவ்வளவோ மேல்.

பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பூவின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள். அதுதான் கடைசி எல்லை. அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

கடைசியில் இருக்கும் 91வி

அளவுக்குப் பின்னால் வரும் இந்தச் சிறு குறியை டயர் வாங்கும்போது பலர் பார்ப்பதே இல்லை. விட்டக் கணக்கில் தேறிய டயர்கூடத் தோற்றுப்போகக்கூடிய இடம் இது.

91 என்பது சுமைக் குறியீடு. அதை அட்டவணையில் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும். 88 என்றால் 560. 92 என்றால் 630. 225/40 ஆர்18 அளவில் சாதாரண வகை டயர் 88 குறியீட்டோடும், வலுவூட்டிய 'எக்ஸ்ட்ரா லோட்' வகை 92 குறியீட்டோடும் கிடைக்கின்றன. அகலமும் ரிம்மும் பெரிதாகியும் சாதாரண வகையின் தாங்குதிறன் 55 கிலோகிராம் குறைந்துவிட்டதே, ஏன்? பக்கச்சுவர் குட்டையானதால் உள்ளே இருக்கும் காற்றின் கன அளவு குறைந்துவிட்டது. சுமையைத் தாங்குவது காற்று என்று மேலே பார்த்தோம் அல்லவா?

'நான்கு டயரும் சேர்ந்தால் 2,240 கிலோகிராம் தாங்குமே, கார் அவ்வளவு கனமில்லையே' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் சுமை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் போவதில்லை. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஐந்து பேரும் பெட்டிகளும் பலகாரமுமாக 200 கிலோமீட்டர் வருகிறோம். பிரேக் போட்டால் எடை முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. அந்தக் கூடுதல் 55 கிலோகிராம், அப்படிப்பட்ட நொடிகளுக்காகப் பொறியியலாளர் விட்டுவைத்த இருப்பு. அதைத் தொடக்கூடாது.

'வி' என்பது வேகக் குறியீடு. எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர். 110-க்கு மேல் போகக்கூடாத நாட்டில் 240 எதற்கு? இந்த எழுத்து, டயர் வெப்பத்தை எந்த அளவு தாங்கும் என்பதையும் சொல்கிறது. சுழலும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. அதில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. நண்பகல் தார்ச்சாலையில், முழுச் சுமையோடு, காற்றும் குறைந்திருந்தால் வெப்பம் இன்னும் ஏறும். எனவே சுமையானாலும் வேகமானாலும், தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிடக் குறைந்த குறியீட்டை வாங்கக்கூடாது, கூடுதலாக வாங்கலாம்.

குழி விழுந்த சாலைகளையும் மறக்க வேண்டாம். 205/55-இன் பக்கச்சுவர் ஏறத்தாழ 113 மி.மீ.; 225/40-இன் பக்கச்சுவர் 90 மி.மீ. குழியில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள 23 மி.மீ. குறைவு. பழைய தோட்டப்புறச் சாலைகளில் தினமும் ஓடும் காருக்கு, வளைந்த ரிம்மும் பக்கச்சுவரில் புடைப்பும் வருவதற்கு அதுவே போதும். புடைப்பு விழுந்த டயரை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. உள்ளே இழைகள் அறுந்திருக்கும்.

நம் ஊரின் பொருள்

டயர் பேராக்கிற்கு அந்நியமான பொருள் அல்ல. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் காக்கப்படுகிறது. 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளும் அடுத்து காரும் பெருகப் பெருக ரப்பரின் தேவை பெருகியது. மாநிலம் முழுதும் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் அந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். விடியலில் பால்மரம் சீவி, ஒட்டுப்பால் சேர்த்த அந்தக் கைகள் உலகத்தின் சக்கரங்களை உருட்டின. இன்று கமுண்டிங்கில் டோயோ டயர் தொழிற்சாலையும், தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் தொழிற்சாலையும் இருக்கின்றன. மரம், டயர், கார் மூன்றும் ஒரே மாநிலத்தில்.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டால் பச்சை ரப்பரின் குணத்தைச் சொல்வார்கள்: வெயிலில் இளகி ஒட்டும். 1839-இல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டுபிடித்தார். நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இன்றைய கார் டயரில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பரும் கரித்தூளும் கலந்திருக்கின்றன. எனினும் வெப்பமும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்த மூலக்கூறுகளை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. ஓடாமல் நிற்கும் காரின் டயர்கூட முதுமை அடையும். ரப்பர் இறுகி, நுண்ணிய வெடிப்புகள் தோன்றும்.

ஆகவே டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2423 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பூ மிச்சமிருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றும் பெரிய டயர் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. பெரிய ரிம் வாங்கியதில் கையிருப்பு தீர்ந்து, டயருக்கு மட்டும் 'செகண்ட் ஹேண்ட்' தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கங்களைத்தான்.

கடைக்குப் போகும் முன்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உள்ளன. அதுதான் தொடக்கப்புள்ளி. காரில் இப்போது பூட்டியிருக்கும் டயரை அளவுகோலாக வைக்காதீர்கள். பழைய காராக இருந்தால் முன்னாள் உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். அளவை மாற்றத்தான் வேண்டும் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. புதிய டயரின் முழு விட்டம் பழையதோடு ஒத்துப்போகிறதா?

2. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கின்றனவா?

3. டயரின் அகலத்துக்கு ரிம்மின் அகலம் ஏற்றதா? 205/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரை. 225/40 ஆர்18-க்கு 7.5 முதல் 9 அங்குலம் வரை.

4. ரிம்மின் திருகுத் துளைகள் பொருந்துகின்றனவா? எஃப்.டி. சிவிக்குக்கு 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளைகள். துளை பொருந்தினாலும், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் உள்ளே உரசக்கூடாது. வெளியே துருத்தவும் கூடாது.

5. தயாரிப்புத் தேதி என்ன?

6. நான்கு சக்கரமும் ஒரே அளவா? இரண்டை மட்டும் வேறு விட்டத்தில் மாற்றினால், பூட்டாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏபிஎஸ் அமைப்பு, சக்கரங்களின் சுழற்சி வேறுபாட்டைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம்.

நீங்களே அளந்து பாருங்கள்

வார இறுதியில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, சமதளமான இடத்தில் இதைச் செய்யலாம். டயரின் அடிப்பகுதியிலும் அதற்கு நேர்கீழே தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பெரியவர் காரை மெதுவாக நேராக முன்னே நகர்த்தட்டும்; நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். டயரில் உள்ள கோடு ஒரு சுற்று முடித்து மீண்டும் தரையைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தைக் குறியுங்கள். இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, விட்டத்தை 3.142-ஆல் பெருக்கிய விடையோடு ஒப்பிடுங்கள்.

205/55 ஆர்16 டயருக்குக் கணக்கு 1,985 மி.மீ. என்று சொன்னாலும், நீங்கள் அளப்பது 1,930-ஐ ஒட்டியே வரும். அளவையில் பிழை இல்லை. காரின் எடையால் டயரின் அடிப்பகுதி தட்டையாகிறது. மையத்திலிருந்து தரைக்கு உள்ள தூரம் குறைகிறது. மேலே பார்த்த அஞ்சலட்டை வடிவத் தொடுபரப்புதான் இந்த வித்தியாசத்தில் வெளிப்படுகிறது. பெரியவரின் அனுமதியோடு காற்றழுத்தத்தை ஸ்டிக்கரில் உள்ளபடி சரிசெய்துவிட்டு மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். எண் மாறுகிறதா என்று குறித்து வையுங்கள்.

அண்ணனோ மாமாவோ ரிம் வாங்கப் புறப்பட்டால், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடவே போங்கள். கடைக்காரர் காட்டும் டயரின் விட்டத்தைக் கணக்கிட ஒரு நிமிடம் ஆகும். சுமைக் குறியீட்டையும் தேதியையும் பார்க்க இன்னொரு நிமிடம். அந்த டயர் மேல்தான் தீபாவளிக்குக் குடும்பம் முழுதும் வீடு திரும்பப் போகிறது.